‘போன் இருந்தால் போதும்’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழை நாடுகளில் மனநல சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘கையில் ஒரு போன் இருந்தால் போதும், மருத்துவர் இல்லாத குறையே தெரியாது’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 11 வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நோய் முற்றிய நாட்களில் போனைக் கண்டாலே மிரளுவான். அதற்குள் யாரோ இருந்து ஒட்டுக் கேட்கிறார்கள் என்பான். அவனிடம் எந்தச் செயலியை நீட்டுவது? ஒரு முறை வீடியோவில் மருத்துவரைப் பார்த்தோம். வீட்டுக்கே ஒரு போன்தான், எல்லோரும் சுற்றி நின்றோம். “சாகணும்னு தோணுதா?” என்று அவர் கேட்டார். “இல்லை” என்றான். அன்று இரவு என்னிடம் மட்டும் “ஆமாம்” என்றான்.

அப்புறம் குளோசபின் என்ற மனச்சிதைவு மாத்திரை கொடுத்தார்கள். அது வெள்ளையணுவைக் குறைத்துவிடலாம் என்பதால், முதல் 18 வாரமும் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கு ஊசி குத்த ஆள் வேண்டும், பரிசோதனைக் கூடம் வேண்டும். மாத்திரை நேரத்தை நினைவூட்ட போன் உதவியது, மறுக்கவில்லை. அவ்வளவுதான் அதனால் முடிந்தது.

கட்டுரையாளர் ஜிம்பாப்வேயையும் லெபனானையும் சான்று காட்டுகிறார். ஜிம்பாப்வேயில் 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய திட்டத்தில், சுகாதார நிலைய வாசலில் மரப் பெஞ்சில் உட்கார்ந்து குறை கேட்டவர்கள் பயிற்சி பெற்ற பாட்டிமார். லெபனானில் மனச்சோர்வுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் இணையவழித் திட்டத்தைச் சோதித்தபோதும், பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் 15 நிமிடம் வரை தொடர்பில் இருந்து கைகொடுத்தார். அந்த மனிதர்களைக் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

உங்கள் இதழ் என்னை வருத்துவது இது முதல் முறை அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கொலைச் செய்திக்கு ‘மனநோயாளி வெறிச்செயல்’ என்று தலைப்பிட்டீர்கள். தம்பி அதை மடித்து என் கையில் கொடுத்து, “என்னையும் இப்படித்தான் நினைப்பாங்களா அக்கா?” என்றான். அப்போதும் உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. மனநலம் என்றாலே இருட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் போடுவதும் இன்னும் நிற்கவில்லை.

அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த முறை எழுதுகிறவர், நோயாளியோடு வீட்டில் இருக்கும் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதட்டும். என் பெயரைப் போட வேண்டாம், தம்பி இப்போதும் உங்கள் இதழைப் படிக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி