கத்தரியில் போன கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் டச்சு ஓவியர் வெர்மீரைப் பற்றிய கட்டுரையைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் உடன் வெளியிட்ட ‘இசைப் பாடம்’ ஓவியத்தைப் பார்த்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது. வாசிக்கும் பெண்ணையும் அருகில் நிற்கும் ஆணையும் மட்டும் நறுக்கி எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். போதாததற்கு, அவள் பியானோ வாசிப்பதாகப் படக்குறிப்பு வேறு.

பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது என் தொழில் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெர்மீர் இறந்தது 1675இல். இத்தாலியில் பியானோ உருவானதோ 1700ஐ ஒட்டி. படத்தில் இருப்பது வர்ஜினல் என்ற பழைய விசைப்பலகைக் கருவி. பியானோவில் சிறு சுத்தியல் கம்பியை அடிக்கும். வர்ஜினலில் கட்டையை அழுத்தினால் மெல்லிய மரத்துண்டு ஒன்று மேலெழும்பும். அதில் செருகியிருக்கும் இறகு முள் கம்பியைச் சுண்டிவிட்டு இறங்கும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி அவ்வளவாக ஏறாது. அந்த மனிதர் இத்தனை நெருங்கி நிற்பதற்குக் காதலே காரணம் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். இருக்கட்டும். வாசிப்பை நன்றாகக் கேட்க நினைப்பவரும் அங்கேதான் நிற்பார். 1696இல் ஆம்ஸ்டர்டாமில் இந்த ஓவியம் ஏலத்துக்கு வந்தபோது, பட்டியலில் அந்த மனிதரை ‘கேட்டுக்கொண்டிருக்கும் கனவான்’ என்றுதான் குறித்தார்கள். ஆசிரியர் என்றோ காதலர் என்றோ அல்ல.

இனி நீங்கள் வெட்டிய பகுதி. முழு ஓவியத்தில் இருவரும் அறையின் கடைக்கோடியில் சிறிதாகத் தெரிகிறார்கள். நமக்கு அருகே, வலப்புறம், கனத்த கம்பளம் போர்த்திய மேசையும் அதன்மேல் ஒரு வெள்ளைக் குடுவையும். அதைத் தாண்டி ஒரு நீல நாற்காலி. பக்கத்தில் தரையில் கிடக்கிறது வயலா ட காம்பா. கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய கருவி அது. யார் வாசித்துவிட்டு வைத்தது? இல்லை, அந்த மனிதர் இனிமேல்தான் எடுக்கப் போகிறாரா? அதைப் பார்த்தவருக்கு, நடப்பது பாடமா, சேர்ந்திசைக்கு நடுவே ஓர் இடைவேளையா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். உங்கள் வாசகருக்கு அந்தச் சந்தேகத்துக்கே வழியில்லை.

மேற்புறக் கத்தரி இன்னும் மோசம். வர்ஜினலுக்கு மேலே சற்றுச் சாய்வாக ஒரு கண்ணாடி தொங்குகிறது. பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். பின்னாலிருந்து பார்த்தால் தலை நேராகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் முகமோ அந்த ஆணின் பக்கம் லேசாகத் திரும்பியிருக்கிறது. ஓவியரின் படத்தாங்கியின் கால்கூட அந்தக் கண்ணாடியின் மேல்பகுதியில் தெரியும். கட்டுரையாளரின் காதல் வாதத்துக்கு ஓவியத்தில் ஏதாவது சாட்சி உண்டென்றால் அது இந்தக் கண்ணாடிதான். அதைப் பக்கம் வடிவமைத்தவர் வெட்டி எறிந்துவிட்டார்!

அசல் ஓவியமே முக்கால் மீட்டர் உயரம்கூட இல்லை. சுருக்கிப் போட்டாலும் குடி முழுகிவிடாது. அடுத்த இணைப்பிதழில் அதை முழுதாக வெளியிடுங்கள். அன்றைக்கு இடம் போதவில்லை என்றால், காதலைப் பற்றிய பத்திகளில் இரண்டை எடுத்துவிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
பியானோ சுருதி கூட்டும் வாசகர்