காப்பக வைத்தியம் படிக்க விரும்பும் மகளுக்கு

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். படிப்பு முடிந்ததும் நாய், பூனைக் காப்பகங்களில்தான் வேலை செய்ய விருப்பம் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனை. பேராதனைக்குப் போய் மிருக வைத்தியம் படித்துவிட்டுக் கட்டாக்காலி நாய் பார்ப்பதா என்று கேட்கிறா. நான் உன் பக்கம்தான், பிள்ளை. ஆனால் உன் காரணம் வேறு, என் காரணம் வேறு.

நீ அந்தச் சீவன்களின் பாவத்தைப் பார்த்துப் போகிறாய். இரக்கம் வேண்டும்தான், அது இல்லாதவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஆனால் வீட்டு நாய்க்குப் பார்வோ என்கிற வைரஸ் வயிற்றோட்டம் வந்தால் சேலைன் ஏற்றி அந்த ஒன்றைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஐம்பது நாய் இருக்கிற இடத்தில் ஒரு குட்டிக்கு வயிற்றால் போனால், பக்கத்துக் கூட்டில் எது இருக்கிறது, கூடு கழுவுகிறவர் எங்கிருந்து எங்கே போகிறார் என்றும் கையோடு பார்க்கவேண்டும். பார்வோ சவர்க்காரத்துக்குச் சாகாது, மண்ணில் மாதக்கணக்காகக் கிடக்கும். ஊத்தையை முதலில் கழுவி, பிறகு குளோரின் போட்டால்தான் அடங்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி குட்டிகளில் தடுப்பூசியை வேலைசெய்ய விடாது, அது எப்போது குறையும் என்றும் தெரியாது என்பதால், காப்பகங்களில் நாலு கிழமை வயதிலேயே தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒருக்கா, ஐந்து மாதம் வரை போடச் சொல்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்குப் பழகின வேலையாகவே தெரிந்தது. கால்நடைத் திணைக்களத்தில் வேலை செய்த காலம் முழுக்கக் கோழிப் பண்ணையிலும் மாட்டுப் பட்டியிலும் நாங்கள் சொன்னது இதைத்தானே: புதிதாக வாங்கியதைத் தனியே கட்டு, சுகமானதைப் பார்த்த பிறகு நோயாளியிடம் போ. அதனால்தான் சொல்கிறேன், நீ அலுப்பு என்கிற கோழிப் பாடத்தையும் மாட்டுப் பாடத்தையும் அக்கறையாகப் படி. உனக்கு வேண்டியது அங்கேதான் கிடக்கிறது.

அமெரிக்காவில் காப்பக வைத்தியம் 2014இல் தனிச் சிறப்புத் துறையாகவே அங்கீகரிக்கப்பட்டது. காப்பகங்களுக்கான பராமரிப்பு நெறிமுறைகளை அங்குள்ள காப்பக வைத்தியர் சங்கம் 2010இல் வெளியிட்டு, 2022இல் திருத்தியிருக்கிறது. முழுதாக வாசி. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஏற்காதே என்று அது சொல்வது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. இங்கே இலங்கையில் 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசாங்கம் நிறுத்திய பிறகு, நலமடிப்பதும் கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும்தான் நமக்கு வழி. ஓர் ஊரின் நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டால் விசர் பரவாது. எத்தனை காப்பகம் கட்டினாலும் அந்த வேலை றோட்டில்தான் நடக்கவேண்டும். உன் வேலையில் பாதி காப்பகத்து மதிலுக்கு வெளியே என்று இப்போதே நினைத்துக்கொள்.

எனக்கு உன் மனம்தான் பயம். வாசலில் கொண்டுவந்து விடும் நாயை இடமில்லை என்று திருப்புவதும், மாறாத வேதனையில் கிடப்பதற்குக் கடைசி ஊசி போடுவதும் உன் கையால்தான் நடக்கும். அந்த நாட்களில் தனியே இருக்காதே, எந்த நேரமானாலும் எனக்கு எடு.

லீவில் வரும்போது இயக்கச்சியில் இருக்கிற நாய்கள் சரணாலயத்துக்கு இரண்டு பேரும் போவோம். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு வா. அதுவரை அம்மாவிடம் இந்தக் கதையை எடுக்காதே, நான் மெல்லச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்
அப்பா