வவ்வால் ஆராயும் மகளுக்கு

தாராபுரம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் கூட்டத்தில் வவ்வால்களை விரட்ட வேண்டாம் என்று நீ பேசப்போய் நடந்ததை நீ சொல்லக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "என் குதிரை செத்தால் நீ வந்து புதைப்பாயா?" என்று ஒருவர் உன்னைப் பார்த்துக் கத்தினாராமே. எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. கோபித்துக்கொள்ளாமல் படி.

நீ சொல்லும் விஷயம் சரி. 1994-ல் பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா என்ற புறநகரில் குதிரைகள் மூச்சுத் திணறிச் செத்து, அவற்றைப் பார்த்துக்கொண்ட பயிற்சியாளரும் இறந்த பிறகுதான் அந்த வைரஸுக்கே ஹெண்ட்ரா என்று ஊர்ப் பேரை வைத்தார்கள். பழந்தின்னி வவ்வாலின் மூத்திரம் பட்ட புல்லையோ தீவனத்தையோ குதிரை தின்கிறது, குதிரையிடமிருந்து மனிதருக்கு வருகிறது. வவ்வாலிடமிருந்து நேராக யாருக்கும் வந்ததாகப் பதிவில்லை. நோய் கண்ட 7 பேரில் 4 பேர் இறந்தார்கள், அதில் 2 பேர் கால்நடை மருத்துவர்கள். இந்தக் கடைசி விவரத்தை நீ போகிறபோக்கில் சொல்லிவிட்டாய். மாட்டின் வாயில் கைவிட்டு மருந்து புகட்டியே சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

உன் வேலையில் எனக்குப் பிடித்தது அந்த மரக் கணக்குதான். குளிர்காலத்தில் பூக்கும் யூகலிப்டஸ் காடுகளை வெட்டியதால்தான் வவ்வால்கள் பசிக்கு ஊருக்குள்ளும் குதிரைப் பண்ணைப் பக்கமும் வந்து தங்கின, காட்டில் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் கூட்டம் அங்கே போய்விட்டது, குதிரைகளுக்கும் நோய் வரவில்லை என்றாயே. தைல மரம் தண்ணீரைக் குடித்துவிடும் என்று நாம் இங்கே திட்டுகிறோம். அதன் சொந்த மண்ணில் அது இத்தனை பேரைக் காப்பாற்றுகிறது, பார். புகை போட்டு, சத்தம் போட்டு விரட்டினாலும் அவை பெரும்பாலும் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும் என்பதும் புரிகிறது.

ஆனால் இதையெல்லாம் பயந்துபோன ஆளிடம் முதலில் சொல்லாதே. 7 பேருக்குத்தான் வந்தது என்று நீ சொன்னால், எட்டாவது ஆள் தான்தான் என்று அவருக்குத் தோன்றும்.

இங்கே அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் மாடு செத்தால், அறுக்காதே, காற்றுப் பட்டால் கிருமி விதைபோல் மாறி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், ஆழப் புதை என்போம். ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனாலும் மாட்டைப் பறிகொடுத்தவனுக்குத் தோல் காசு போகிறதே, நாளைக்குப் பால் ஊற்ற என்ன செய்வது என்பதுதான் கவலை. அதனால் மீதி மாடுகளுக்கு என்ன ஆகும் என்ற பேச்சைத்தான் நான் முதலில் எடுப்பேன். அவற்றுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்துவிட்டுக் குழியைப் பற்றிப் பேசினால், அவனே மண்வெட்டி எடுத்து வருவான்.

உங்கள் ஊரில் குதிரைக்கு 2012-லிருந்தே தடுப்பூசி இருக்கிறது. ஊசிச் செலவு குதிரைக்காரர் தலையில்தானே? அடுத்த கூட்டத்தில் அதை முதலில் எடு. தீவனத் தொட்டியையும் தண்ணீரையும் கூரைக்கடியில் வை, பூத்த மரத்தடியில் குதிரையைக் கட்டாதே, நோயுற்ற குதிரையை வெறுங்கையால் தொடாதே என்று சொல். அவர் கைக்கு ஒரு வேலை கிடைக்கட்டும். மரம் நடுவதை அப்புறம் பேசலாம்.

உனக்கும் ஒன்று. வலையில் விழுந்த வவ்வாலைப் பிரித்தெடுக்கும்போது லேசாகக் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போ. அங்கே வவ்வாலில் ரேபீஸ் குடும்பத்து லிஸ்ஸா வைரஸ் இருக்கிறது. முன்கூட்டியே ஊசி போட்டாயிற்று என்று அலட்சியமாக இருக்காதே. ரத்தத்தில் எதிர்ப்பு அளவு எவ்வளவு என்று சோதித்து எனக்கு எழுது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கேரளத்தில் வவ்வாலிடமிருந்து வரும் நிபா வைரஸ் என்று செய்தி வரும்போதெல்லாம் இங்கேயும் வவ்வால் தங்கும் இலுப்பை மரங்களை வெட்டச் சொல்லி ஆட்கள் கிளம்புகிறார்கள். கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 2018-ல் 17 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அடுத்த கிராம சபையில் வாசிக்க ஒரு பக்கம் எழுதி அனுப்பு, தமிழில். வவ்வால் கடித்த பழத்தை என்ன செய்வது, கீழே விழுந்த வவ்வாலைக் குழந்தை தொட்டுவிட்டால் என்ன செய்வது என்பது முதல் பத்தியில் இருக்கட்டும். நானே வாசிக்கிறேன். என்னைப் பார்த்துக் கத்தினால் எனக்குப் பழக்கம்தான்.

அன்புடன்,
அப்பா