இந்த வயதில் அம்மாவுக்கு எதற்குத் தத்துவம்?

கண்ணம்மா,

போனில் நீ கேட்டதற்கு எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, பாதி வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து தத்துவம் படிக்க வேண்டுமா, வேலை அலுத்துவிட்டதா என்றாய். அலுக்கவே இல்லை. அங்கே வந்த கேள்விகளை அங்கேயே உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன். இரண்டு வாடிக்கையாளர் பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. ஒரே ஆள் இரண்டு மூன்று பதிவுகளாக இருப்பார், ஒன்றில் பழைய முகவரி, இன்னொன்றில் மாறிய பெயர், மற்றொன்றில் போன் நம்பர் மட்டும் ஒத்துப்போகும். முதல் பதிவும் இரண்டாவதும் ஒரே ஆள் என்று புரோகிராம் சொல்லும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஆள் என்றும் சொல்லும், ஆனால் முதலாவதையும் மூன்றாவதையும் நேருக்கு நேர் வைத்தால் இல்லை, வேறு வேறு ஆள் என்று கைவிரித்துவிடும். பதிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போட்டு, இத்தனைக்கு மேல் வந்தால் ஒரே ஆள் என்று ஓர் எல்லை வைத்தோம், ரிலீஸும் ஆகிவிட்டது. வேலைக்கு அது போதும். ஆனால் ஒரே ஆள் என்றால் என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை.

இந்த செமஸ்டரில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதியதைப் படிக்கிறோம். மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், ஒரே ஆள் என்றால் என்ன என்பதைப் பற்றிப் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஓர் இளவரசனின் ஆன்மா, பழைய நினைவுகளோடு, செருப்புத் தைக்கும் ஒருவரின் உடலுக்குள் புகுந்துவிட்டால் அங்கே இருப்பது யார்? இளவரசன்தான் என்கிறார். நினைவு எதுவரை எட்டுகிறதோ அதுவரை ஆள் ஒருவரே. இதற்கு 1785இல் தாமஸ் ரீட் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஒரு மறுப்பு எழுதினார். ஒரு சிறுவன் தோட்டத்தில் திருடி அடி வாங்குகிறான், வளர்ந்து ராணுவ அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், பிறகு தளபதி ஆகிறான். அதிகாரிக்கு அந்த அடி ஞாபகம் இருக்கிறது. தளபதிக்குக் கொடி ஞாபகம் இருக்கிறது, அடி சுத்தமாக மறந்துபோயிற்று. லாக் சொல்வதை வைத்துப் பார்த்தால் சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், ஆனால் சிறுவனும் தளபதியும் வேறு வேறு! படித்துக்கொண்டிருந்தவள் எழுந்தே நின்றுவிட்டேன். எங்கள் மூன்று பதிவுகள் அப்படியே அங்கே இருந்தன.

சிறுவனை அதிகாரியோடும் அதிகாரியைத் தளபதியோடும் சேர்ப்பதுபோல, நினைவுகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பதிவுகளை அப்படிக் கோத்துப் பார்த்தவள் நான். சங்கிலி நீள நீள, சம்பந்தமே இல்லாதவர்கள் எல்லாம் ஒரே ஆளாகிவிடுவார்கள். நினைவு விஷயத்திலும் அந்தச் சிக்கல் வருமா, இல்லை மனித வாழ்க்கையில் அதைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் இப்போது கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தர்க்கம் எனக்குச் சுலபம், கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1854இல் எழுதி வைத்ததைத்தானே இத்தனை காலமும் புரோகிராமில் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற இஃப் கண்டிஷனாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுரைதான் கஷ்டம். ஓடவிட்டுப் பார்க்க முடியாது, தப்பு இருந்தால் எர்ரர் வராது. போன கட்டுரையின் ஓரத்தில் பேராசிரியர் "இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது?" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காக இரண்டு பக்கம் திருப்பி எழுதினேன், எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

பணத்துக்குக் கவலைப்படாதே, அப்பாவும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தேன். படித்து முடித்து என்ன செய்வேன் என்று இப்போதே முடிவு செய்ய மாட்டேன். பாடம் நடத்தலாம், பழைய வேலைக்கே திரும்பினாலும் திரும்பலாம்.

கட்டுரையின் முதல் வரைவை அடுத்த வாரம் அனுப்புகிறேன். நீயும் டேட்டாபேஸ் பார்க்கிறவள், சங்கிலி பற்றிய பகுதியை நிதானமாகப் படி. அம்மா எழுதியது என்று விட்டுவிடாதே, எங்கே இடிக்கிறதோ அங்கே கோடு போட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா