வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த நான்கு முட்டை விவகாரம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் பறவை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பத்து நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மண்சட்டியில் நான்கு வெள்ளை முட்டை, அதன் மேல் நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு டவ், அதாவது கூண்டில் வளர்க்கிற சின்னப் புறா. பின்னால் ஒரு குரல்: "ஜோடின்னு சொல்லி ரெண்டு பெட்டையைத் தலையில கட்டிட்டாங்க. இருபத்திரெண்டு வருஷமா கடை வச்சிருக்காராம், ஆண் எது பெண் எதுன்னு தெரியல." கடைப் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் கூண்டில் நம் மஞ்சள் அட்டை தொங்குகிறது, அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

அவை இரண்டும் பெட்டைதான். வீடியோவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவை ரிங் டவ் என்கிற ரகம். ரிங் டவ் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். முதல் முட்டை பெரும்பாலும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் வரும், அடுத்தது ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில். நடுவில் ஏறக்குறைய 40 மணி நேரம். ஒரே சட்டியில் நான்கு கிடந்தால் இரண்டு தாய்கள் இட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. ஏமாற்றவில்லை என்று எனக்கே தெரியும், விட்டுவிடலாம். "தெரியாதவர்" என்றதுதான் தூங்கவிடவில்லை. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேவலுக்குக் கொண்டை உண்டு, மயிலுக்குத் தோகை உண்டு. ரிங் டவ்வுக்கு அப்படி ஓர் அடையாளமும் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நிறம், கழுத்தில் ஒரே கறுப்பு வளையம். வெள்ளை ரகத்தில் அந்த வளையம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. டைமண்ட் டவ்வாவது பரவாயில்லை, ஆணுக்குக் கண்ணைச் சுற்றிய சிவப்பு வளையம் தடித்திருக்கும். அதிலும் இளம் பறவை ஆளைக் கவிழ்த்துவிடும். இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்ப்பேன். முட்டையிட்டுப் பழகிய பெட்டையென்றால் அது ஓரளவு சரியாக வரும். ஆறு மாதப் பறவையில் அது பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரிதான்.

ஆகவே நாங்கள் நடத்தையைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறோம். ஆண் டவ் பெட்டைக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்து கூவும். பிறகு சட்டிக்குள் உட்கார்ந்து இறக்கையை மெல்ல நடுக்கிக்கொண்டு "இங்கே வா" என்கிற மாதிரி அழைக்கும். இந்த இரண்டு பறவைகளில் ஒன்று, நம் கடையில் நான்கு நாட்கள் இதையெல்லாம் செய்தது. நான் பார்த்தேன், கடைத் தம்பி பார்த்தார், கம்பு வாங்க வந்த ஒரு பெரியவரும் பார்த்து "நல்ல ஆண் தம்பி இது" என்றார். அதுவும் பெட்டைதான்! ஆண் இல்லாத இடத்தில் இரண்டு பெட்டைகள் ஒன்றாக இருந்தால், ஒன்று இப்படி ஆணின் வேலையை எடுத்துக்கொள்வது உண்டு. அவை மாறிமாறி அடைகாக்கும், ஒன்றன் தலையை ஒன்று கோதிவிடும். நோயோ கோளாறோ எதுவும் இல்லை. தலைகீழாகவும் நடக்கும். இரண்டு ஆண்கள் சேர்ந்து குச்சி பொறுக்கிக் கூடு கட்டி, காலிச் சட்டியில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

முட்டையிட ஆண் வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். மளிகைக் கடை லேயர் கோழி முட்டைக்கு எந்தச் சேவல் வந்தது? டவ்வுக்குத் தேவை ஒரு தூண்டுதல். அமெரிக்காவில் டேனியல் லெர்மன் என்ற ஆராய்ச்சியாளர் இதே ரிங் டவ்களை வைத்துப் பல வருடம் வேலை செய்தார் என்று விலங்கியல் படித்த என் மகள் சொல்வாள். நடுவில் கண்ணாடித் தடுப்பு இருந்தாலும், ஆண் குனிந்து கூவுவதைப் பார்த்தாலே பெட்டையின் உடம்பில் முட்டை உருவாகிற சினைப்பை வளரத் தொடங்குமாம். அதற்கும் முன்னால், 1939இல், இங்கிலாந்தில் ஹாரிசன் மேத்யூஸ் தனியாக வைத்த பெட்டைப் புறாவுக்குக் கண்ணாடியில் அதன் பிம்பத்தையே காட்டினார். அதுவும் முட்டையிட்டது.

இதைப் படித்ததும் போன தை மாதம் போன் செய்த அக்காவுக்குச் சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன். "ஆண்னு சொல்லித் தந்தீங்க, தனியா இருக்கிற புறா முட்டை வச்சிருக்கு" என்று பயந்துபோய்ப் பேசினார். போய்ப் பார்த்தால் கூண்டு பீரோக் கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்தது. போதாததற்கு வீட்டுப் பிள்ளைகள் அதன் முதுகை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார்கள். அதையும் அது ஜோடியின் கொஞ்சல் என்றே எடுத்துக்கொள்ளும். தலையைக் கோதுங்கள், முதுகை விட்டுவிடுங்கள். (அதை ஆண் என்று நான் சொன்னேன் என்பதும் உண்மைதான்.)

இப்படி இட்ட முட்டையைப் பார்த்ததும் எடுத்துக் குப்பையில் போடுவதுதான் பெரிய தவறு. எடுத்தால் சில நாளிலேயே மறுபடி இடும், எடுக்க எடுக்க இட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து அதன் உடம்பிலிருந்துதான் போகிறது. முட்டையை அப்படியே விடுங்கள், அல்லது கடையில் பிளாஸ்டிக் முட்டை இருக்கிறது, மாற்றி வையுங்கள். அடைக்காலம் 14 நாள். பொரியாது என்று தெரிந்ததும் மூன்று வாரத்துக்குள் தானாகவே எழுந்துவிடும். கடல் நுரையும் (கணவாய் ஓடு) கிளிஞ்சல் தூளும் எப்போதும் கூண்டில் இருக்கட்டும், காலை வெயில் கொஞ்சம் படட்டும். பெட்டை உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வயிற்றை அமுக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். கதகதப்பாக வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வீடியோ எடுத்த வாடிக்கையாளரை நானே அழைத்துப் பேசினேன். ஒரு பெட்டையைத் திரும்பக் கொடுத்துவிட்டு ஆணை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கூண்டோடு வந்தார், ஆனால் அவருடைய மகள் இரண்டையும் பிரிக்க விடவில்லை. சரி என்று, அதே நாட்களில் இட்ட நம் ஜோடி ஒன்றின் கரு உள்ள முட்டை இரண்டைப் பஞ்சில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். அடைகாக்கத் தொடங்கிய நாள் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் இது நடக்கும். குஞ்சுக்கு முதல் சில நாள் புறாப்பால்தான் உணவு. அது அடைகாக்கும் பறவையின் தொண்டைப் பையில் பொரிக்கும் நேரத்துக்குத்தான் சுரக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சுரக்கும் என்பதால் இரண்டு பெட்டைகள் தாராளமாக வளர்த்துவிடும். ஒரு குஞ்சு பொரித்து நன்றாக இருக்கிறது. அவர் படம்கூட அனுப்பினார். அந்த வீடியோதான் இன்னும் சுற்றுகிறது.

இனி ரிங் டவ் ஜோடிகளை இறகு அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்த பிறகே தருவோம். ஆய்வக முடிவு வரச் சில நாள் ஆகும். அதற்கேற்ப விலையில் ஒரு மாற்றம் இருக்கும், பலகையில் எழுதியிருக்கிறோம். பரிசோதனை வேண்டாம் என்பவர்களின் ரசீதில் "கேரண்டி ஜோடி" என்ற முத்திரை இருக்காது.

இன்னொன்று. மொட்டைமாடியில் பிடித்த கள்ளிப்புறாவையோ புள்ளிப்புறாவையோ கொண்டுவந்து "இதற்கு ஜோடி இருக்கா" என்று கேட்காதீர்கள். நம் காட்டுப் புறாக்களை வளர்ப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கள்ளிப்புறா ரிங் டவ் மாதிரியே இருக்கும், நமக்கு எதற்கு வம்பு?

இந்தப் பத்து நாளில் கடைக்கு வந்து "அண்ணே, நீங்க இருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்னவர்களுக்கும், அந்தக் குழுக்களில் எனக்காகப் பேசிச் சண்டை போட்டவர்களுக்கும் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. தகப்பன் காலத்தில் லவ் பேர்ட்ஸ் வாங்கி, இப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தயவில்தான் இந்தக் கடை ஓடுகிறது.

எங்களிடம் டவ் வாங்கி மூன்று, நான்கு முட்டை பார்த்தவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீதோடு வாருங்கள், மாற்றித் தருகிறேன். கடைத் தம்பி திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டதால் செவ்வாய்க்கிழமை மதியம் கடை திறந்திருக்காது. மற்ற நாட்களில் இரவு எட்டு மணி வரை நானேதான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பறவைக் கடைக்காரர்