ஹெட்பேண்ட் எல்லாம் தலைப்பட்டை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

'ஹெட்பேண்ட்' என்று கண்டாலே கண்ணை மூடிக்கொண்டு 'தலைப்பட்டை' என்று எழுதிவிடுகிறார்கள். முடியை ஒதுக்கும் வளையம், வியர்வையை உறிஞ்சும் துணிப்பட்டை, ஹெட்போனின் மேல்வளைவு ஆகியவற்றுக்கு அது சரி. புத்தக பைண்டிங்கில் வரும் ஹெட்பேண்ட் யார் தலையிலும் ஏறாது.

கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகை மேலிருந்து உற்றுப் பாருங்கள். இரு நிறம் மாறி மாறி வரும் சின்ன நூல்வரி தெரியும், அதுதான். கீழ்முனையில் இருப்பது டெயில்பேண்ட். கையால் தைப்பதென்றால், கயிறையோ தோல்துண்டையோ உள்ளே வைத்து இரு நிறப் பட்டுநூலைச் சுற்றிக்கொண்டே வந்து, சில சுற்றுக்கு ஒருமுறை ஊசியைப் பாரத்தின் (ஒன்றாக மடித்த தாள்கட்டின்) நடுமடிப்பில் இறக்கி முதுகோடு இழுத்துக் கட்ட வேண்டும். உயரத்தில்தான் சூட்சுமம். தாளைவிட அட்டை 3 மி.மீ. நீண்டிருந்தால் பட்டையும் அவ்வளவே. கூடினால் அலமாரியில் நிற்கும்போது நசுங்கும். குறைந்தால் விரலால் இழுக்கையில் முதுகு கிழியும்.

இன்று பெரும்பாலும் நாடாவாக நெய்து ஒட்டுவதுதான். வெட்டும் இடத்தில் முதலில் பசை தடவிக் காயவிடாவிட்டால் நுனி பிரிந்துவிடும். அழகுக்கு ஆகும், பலத்துக்கு ஆகாது.



இப்படிக்கு,
பைண்டிங் தெரிந்த வாசகர்