சோதனைக்குக் கட்டணம் சரி, அபராதம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க நூறு, இருநூறு டாலர் என்று கட்டணம் வைத்தால் விற்பனை தானாகக் குறையும் என்கிறார் கட்டுரையாளர். கட்டணம் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதமே. அவர் சொல்லும் தொகையும் காரணமும்தான் எனக்கு ஒப்பவில்லை.

நான் குடியிருப்பது கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில். 2012 ஜூலை 20 அன்று நள்ளிரவுக் காட்சியில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட தியேட்டர் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அங்கே நாங்களும் குடும்பத்தோடு படம் பார்த்திருக்கிறோம். அந்த டிசம்பரில் கனெக்டிகட் பள்ளிப் படுகொலையும் நடந்தது. இனிச் சட்டம் இறுகும் என்ற பயத்தில் ஜனங்கள் கடைகளில் முண்டியடித்தார்கள். இங்கே சோதனையை நடத்துவது மாநிலப் புலனாய்வுத் துறை. அந்தச் சேவைக்குப் பெயர் என்னவோ 'இன்ஸ்டாசெக்' (உடனடிச் சோதனை), ஆனால் பதில் வர நாட்கணக்கில் ஆனது! அதுவரை செலவை மாநிலத்து வரிப்பணம் சுமந்தது. 2013 மார்ச் 20 அன்று ஆளுநர் ஹிக்கன்லூப்பர் கையெழுத்திட்ட சட்டம் அதை வாங்குபவர் தலைக்கு மாற்றியது.

அந்தக் கோடையில் அலுவலக நண்பர் ஒருவர் ஷாட்கன் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 எண் படிவத்தில் வரிசையாகக் கேள்விகள்: பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றதுண்டா, கஞ்சா பயன்படுத்துவீர்களா... கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி மாநிலத்து மக்கள் வாக்களித்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. மனிதர் அந்தக் கேள்வியில் ஒரு கணம் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சோதனைக் கட்டணம் பத்து டாலர். காதடைப்பானுக்கு அதைவிட அதிகம் கொடுத்தார். அப்புறம் வண்டியில் வீடு திரும்பும்வரை அந்தப் பத்து டாலரைப் பற்றித்தான் புலம்பினார்: "என் உரிமைக்கு நானே காசு கட்டணுமா?"

எனக்கு 2018 நினைவுக்கு வருகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது 640 டாலரோடு, கைரேகை எடுத்துச் சோதிக்க 85 டாலர் தனியாகக் கட்டினேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் எடுக்கும் என் மனைவியும் தன் பின்னணிச் சோதனைக்குத் தானே பணம் கட்டினாள். 'அ, ஆ' சொல்லித்தருபவர் கட்டலாம், துப்பாக்கி வாங்குபவர் கட்டக் கூடாதா?

ஆனால் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. குடியுரிமை நான் கேட்டுப் பெற்றது. துப்பாக்கி அவருக்கு அரசியலமைப்பு தந்த உரிமை. வாக்களிக்க வரி வாங்கிய வர்ஜீனியாவின் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 1966-இல் ஒழித்தது. அந்த வரி வெறும் ஒன்றரை டாலர்தான். அதே நீதிமன்றம் 1941-இல், ஊர்வலத்துக்கு அனுமதி வழங்க நிர்வாகச் செலவு அளவுக்குக் கட்டணம் வாங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. செலவு எவ்வளவோ அவ்வளவு வாங்குங்கள், உரிமையைத் தடுக்க வாங்காதீர்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். எஃப்.பி.ஐ. நேரடியாகச் சோதிக்கும் மாநிலங்களில் இந்தக் கட்டணமே கிடையாது. நியூயார்க் நகரத்திலோ கைத்துப்பாக்கி உரிமத்துக்கு மூன்று வருடத்துக்கு 340 டாலர் வாங்கினார்கள். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதுவும் செல்லும் என்றது. எங்கள் ஊர்க் கால்ஃபாக்ஸ் சாலையில் சொற்பச் சம்பளத்துக்கு ராத்திரி முழுக்கப் பெட்ரோல் பங்க் கல்லாவில் தனியாக உட்காரும் பெண்ணை நினைத்துப் பார்த்தால் எனக்கு அந்தத் தீர்ப்பு உறுத்துகிறது. நாலு துப்பாக்கி வைத்திருக்கும் வக்கீலுக்கு 340 டாலர் ஒரு பொருட்டா? தியேட்டரில் சுட்டவனும் சோதனையில் தேறி, முறைப்படிதான் வாங்கினான். இருநூறு டாலர் அவனைத் தடுத்திருக்காது.

கட்டுரையில் விட்டுப்போனது இன்னொன்று. தனியார் இருவருக்குள் விற்றாலும் உரிமம் பெற்ற கடை மூலம் சோதிக்க வேண்டும் என்று அதே 2013-இல் இங்கே சட்டம் வந்தது. அதற்காகக் கடைக்காரர் பத்து டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள். படிவம், பதிவேடு, ஆளுக்கு அரை மணி நேரம் என்று அவருக்கு ஆகும் வேலைக்கு இது எப்படிக் கட்டும்? கட்டணம் அதிகமானால் ஏழைக்குச் சுமை. குறைந்தால் சோதிக்க ஆள் வரமாட்டார். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்கு வைத்திருந்த பழைய ரைபிளைத் தெருமுனைக்காரருக்கு விற்க நினைத்தார். மூன்று கடைகளுக்குப் போன் செய்தார். "எங்களிடம் வாங்கினால் மட்டும்தான் சோதிப்போம்" என்று மூன்றிலும் ஒரே பதில். ரைபிள் இன்னும் அவர் வீட்டு நிலவறையில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரோரா, கொலராடோ